தோட்டத்து எறும்புகளை அளப்பது எப்படி? வேலைக்கார எறும்புகளின் உருவ வேறுபாட்டை எண்ணில் காட்டும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஏதாவது ஒரு பழைய லயத்து வீட்டின் வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தாலே எறும்புகளுக்குள் இருக்கும் உருவ வேறுபாடு கண்ணில் பட்டுவிடும். ரம்புத்தான் மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் கெரெங்கா எறும்புகளில், கிளைகளில் ஓடித் திரிபவை பெரும்பாலும் ஒரே அளவில் தெரியும். கூட்டைப் பிரித்தால், அவற்றில் பாதியளவே உள்ள வேறு சில எறும்புகள் புழுக்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும். செம்பனை வரிசைகளுக்கு இடையே செல்லும் மண் பாதையில், கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத சிற்றெறும்புகளின் கூட்டத்துக்கு நடுவே பெரிய தலையுடன் ஓர் எறும்பு நடந்து போகும். அதன் முதுகில் சிறியவை சில ஏறிக்கொண்டிருக்கும். இது கெரேபாரா டைவர்சா என்னும் இனம். குசினிச் சுவரின் அடியில் வரிசை பிடிக்கும் ஃபெய்டோலே எறும்புகளிலோ, மெலிந்த உடலுடைய சாதாரண வேலையாட்களும் பெருந்தலைச் சிப்பாய்களும் தனித்தனியாகத் தெரிகின்றன.

இவை அனைத்தும் அந்தந்தக் கூட்டின் பெண் எறும்புகள்தாம். முட்டையிடும் வேலையை ராணியிடம் விட்டுவிட்டு மற்ற வேலைகளைச் செய்பவை என்பதால் வேலையாட்கள் என்கிறோம். உருவத்தைக் கொண்டு பெருவேலையாள், சிறுவேலையாள் என்று பிரிக்கிறோம். இந்தப் பிரிவு எவ்வளவு தெளிவானது, இரண்டுக்கும் நடுவே இடைப்பட்டவை உண்டா, பெரியது வெறும் அளவில்தான் பெரியதா அல்லது வடிவத்திலும் மாறியிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அளந்தால்தான் விடை கிடைக்கும். தமிழ்ப்பள்ளி அறிவியல் குழுவும், ஐந்தாம் படிவ மாணவரும், ஆர்வமுள்ள தோட்டத் தொழிலாளியும் சிறிய செலவில் செய்யக்கூடிய ஆய்வு இது. ஒழுங்காகச் செய்தால் பல்கலைக்கழகத்தில் உள்ளவர்களும் எடுத்துப் பயன்படுத்தும் தரத்தில் எண்கள் கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அளவு வேறு, வடிவம் வேறு

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எறும்பின் வடிவம் அதன் அளவோடு சேர்ந்தே மாறுகிறது; ஆகவே அளவினால் வந்த மாற்றம் எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகுதான் வடிவத்தைப் பற்றிப் பேச முடியும். மார்க் மொஃபெட் என்னும் ஆய்வாளர் 1980-களில் கெரேபாரா டைவர்சாவை ஆராய்ந்து, மிகப் பெரிய வேலையாளின் உலர் எடை மிகச் சிறியதன் எடையைப்போல் சுமார் 500 மடங்கு என்றும், தலையின் அகலம் சுமார் 10 மடங்கு என்றும் பதிவு செய்தார். வடிவம் துளியும் மாறாமல் உடல் மட்டும் பெரிதாகியிருந்தால், 500 மடங்கு எடைக்கு நீள அகலங்கள் ஏறத்தாழ 8 மடங்குதான் கூடியிருக்க வேண்டும், ஏனெனில் 8 × 8 × 8 என்பது 512. தலையோ 10 மடங்கு அகன்றிருக்கிறது. உடல் கூடிய வேகத்தைவிடத் தலை கூடிய வேகம் அதிகம் என்பதை இந்த 8-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளி காட்டுகிறது. நாம் தேடிப் போவது இந்த இடைவெளியைத்தான்.

ஓர் உறுப்பு மற்ற உறுப்பைவிட வேகமாகவோ மெதுவாகவோ கூடுவதை விளக்க உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1932-இல் ஓர் எளிய அடுக்குச் சூத்திரத்தை விரிவாக எடுத்துரைத்தார். 1936-இல் அவரும் ஜார்ஜ் டெய்சியேயும் இதற்கு அலோமெட்ரி என்று பெயரிட்டனர். எறும்பியலாளர் எட்வர்ட் வில்சன் 1953-இல் இதே முறையைக் கொண்டு எறும்பு இனங்களின் வேலையாள் பிரிவுகளைப் படிநிலைகளாக வகைப்படுத்தினார். கீழே சொல்லும் கணக்கு முழுவதும் அந்த வழியில் வந்ததுதான்.

எந்த எறும்பில் தொடங்கலாம்?

முதல் முயற்சிக்கு ஃபெய்டோலே மிகப் பொருத்தம். சிப்பாயையும் சாதாரண வேலையாளையும் பிரித்தறிவது எளிது, கூடுகள் சிறியவை, கடித்தாலும் பெரிய வலி இல்லை. அடுத்ததாகக் கெரெங்காவை எடுத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு அளவுகள் உண்டு, இடைப்பட்டவை மிகக் குறைவு. கெரேபாராவில் சிறியதிலிருந்து பெரியது வரை பல படிகள் இருப்பதால் கணக்கு சுவையானது, ஆனால் மிகச் சிறியவற்றை அளப்பதற்குக் கையும் கண்ணும் பழகியிருக்க வேண்டும். கொட்டினால் தீப்பட்டதுபோல் எரியும் நெருப்பெறும்பையும் எடுக்கலாம். சிறுவர்களை வைத்துக்கொண்டு வேண்டாம்.

இவற்றோடு அனோப்லோலெபிஸ் கிராசிலிப்ஸ் என்னும் நெடுங்கால் மஞ்சள் எறும்பையும் சேர்த்து அளக்கும்படி நான் வலியுறுத்துவேன். தோட்டங்களில் தாராளமாகக் கிடைக்கும் இந்த இனத்தில் வேலையாட்கள் எல்லாம் ஒரே உருவம். உங்கள் அளவீட்டில் இதற்கும் இரண்டு பிரிவுகள் தெரிந்தால், பிழை முறையில் இருக்கிறது என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

சேகரிப்பு: எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே பாதி ஆய்வு

தோட்ட எல்லைக்குள் சேகரிப்பதானால் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி பெறுவதோடு, மருந்து அடிக்கும் நாளையும் குலை வெட்டும் சுற்றையும் மண்டோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக மருந்து அடித்த இடத்தில் உடல்நலத்துக்கும் கேடு, அங்குக் கிடைக்கும் எறும்புகளும் அந்தக் கூட்டின் இயல்பான கலவையாக இருக்கமாட்டா. வனக்காப்புப் பகுதிக்குள் நுழைவதானால் வனத்துறையின் அனுமதி தேவை.

பாதையில் ஊர்ந்து போகும் எறும்புகளைக் கூட்டின் மாதிரியாகக் கொள்ளக் கூடாது. கெரெங்காவில் வெளியே இரை தேடுவதும் எதிரியைத் தடுப்பதும் பெருவேலையாட்கள். சிறுவேலையாட்கள் பெரும்பாலும் கூட்டுக்குள் முட்டை, புழுக்களைப் பேணுவதிலும், கூட்டோடு சேர்த்து வளைத்த செதிற்பூச்சிகளைக் கவனிப்பதிலும் இருக்கின்றன. மரத்தடியில் நின்று நூறு எறும்பைப் பிடித்து அளந்துவிட்டு, இந்த இனத்தில் ஒரே அளவுதான் உண்டு என்று எழுதினால், அளவீடு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் முடிவு தவறாகிவிடும். எல்லைப்புறத்தில் வயதான காவலாளிகள் மட்டும் தங்கும் இலைக்கூடுகளும் உண்டு. ஆகவே புழுக்களும் கூட்டுப்புழுக்களும் உள்ள இலைக்கூடுகளிலிருந்தே எடுக்க வேண்டும். அவற்றுள்ளும் ஒன்றோடு நிறுத்தாமல் ஒரே குடியிருப்பின், அதாவது ஒன்றாக வாழும் முழு எறும்புக் கூட்டத்தின், பல இலைக்கூடுகளிலிருந்து எடுப்பது நல்லது.

இங்கே மற்றொரு சிக்கல் எழுகிறது. ஒரு கெரெங்காக் குடியிருப்பு பல மரங்களில் பரவியிருக்கும். மூன்று மரங்களில் எடுத்ததால் மூன்று குடியிருப்புகளை ஆராய்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஐயம் இருந்தால், இரண்டு மரங்களிலிருந்தும் சில எறும்புகளை எடுத்து ஒரே கிண்ணத்தில் விட்டுப் பார்க்கவும். பற்றி இழுத்துச் சண்டையிட்டால் வெவ்வேறு குடியிருப்புகள். உணர்கொம்பால் தடவிப் பார்த்துவிட்டு அமைதியாக விலகினால் ஒரே குடியிருப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புள்ளியியலில் தனித்தனிச் சான்றாக எண்ணப்படுவது குடியிருப்புதான். ஒரே குடியிருப்பிலிருந்து முந்நூறு எறும்புகளை அளப்பதைவிட, ஆறு குடியிருப்புகளிலிருந்து ஐம்பது ஐம்பதாக அளப்பது உறுதியான முடிவைத் தரும்.

இலைக்கூட்டை எடுக்கும்போது நீளக் கைச்சட்டையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளவும். கெரெங்கா கடித்த இடத்தில் பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கிளையை வெட்டியவுடன் கெட்டியான நெகிழிப் பைக்குள் விழச்செய்து, வாயை இறுகக் கட்டி, வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்தால் போதும். பின்பு எத்தனாலுக்கு மாற்றலாம். பள்ளி ஆய்வகத்தில் எத்தனால் இல்லாவிட்டால், மருந்தகத்தில் விற்கும் 70 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அளவீட்டுக்குப் போதுமானது. போத்தலுக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதவும், ஏனெனில் பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இடம், நாள், மரம், குடியிருப்பு எண், கூட்டிலிருந்து எடுத்ததா பாதையிலிருந்து எடுத்ததா என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய குடியிருப்பின் முதல் வேலையாட்கள் இயல்பைவிடச் சிறியவையாக இருக்கும் என்பதால், அத்தகைய இளங்கூடுகளை வளர்ந்த கூடுகளோடு கலக்கக் கூடாது.

அளக்க வேண்டிய எறும்புகளைத் தேர்வதிலும் கவனம் தேவை. கண் தானாகவே பெரியவற்றையும் அழகாக நீட்டிக்கொண்டிருப்பவற்றையும் நாடும். போத்தலைக் கட்டம் போட்ட வெள்ளைத் தட்டில் கொட்டிப் பரப்பி, கட்டங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, விழுந்த கட்டத்தில் உள்ளவற்றை ஒன்று விடாமல் எடுப்பது எளிய தீர்வு. ஃபெய்டோலேயில் சிப்பாய்கள் குறைவு என்பதால் இப்படிக் குலுக்கி எடுத்தால் மிகச் சிலவே கிடைக்கும். வடிவக் கணக்குக்கு அவை போதா. அப்போது சிப்பாய்களை மட்டும் கூடுதலாகப் பொறுக்கி எடுத்து வேறொரு போத்தலில் போட்டு, வேறு எண்வரிசை தர வேண்டும். குலுக்கி எடுத்தவை கூட்டில் எந்த அளவினர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு. பொறுக்கி எடுத்தவை உறுப்புகளின் விகிதம் எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலந்து எண்ணிக்கை காட்டினால் அந்த எண்ணிக்கைக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

எதை அளப்பது, எதை விடுவது

தலையிலிருந்து வால்முனை வரை மொத்த நீளத்தை அளக்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதைத் தவிர்க்கவும். எறும்பின் பின்வயிறு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வளையங்களால் ஆனது. தேன் குடித்திருந்தால் விரியும், பட்டினி கிடந்தால் சுருங்கும், ஆல்கஹாலில் போட்டால் மறுபடியும் மாறும். ஒரே எறும்பு காலையில் ஒரு நீளமும் மாலையில் வேறு நீளமும் காட்டக்கூடும். ஓடு கெட்டியாக உள்ள பகுதிகளே நம்பத்தக்கவை.

ஐந்து அளவுகள் போதும். முதலாவது தலையின் அகலம்; முகத்தை நேராகப் பார்க்கும்போது தலை மிக அகன்றிருக்கும் இடத்தில், கண்களைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதை முன்பே முடிவு செய்து கடைசி வரை மாற்றாமல் அளக்க வேண்டும். இரண்டாவது தலையின் நீளம்; தாடைகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு மேலே உள்ள கிளிப்பியஸ் என்னும் முகத்தகட்டின் முன்விளிம்பிலிருந்து தலையின் பின்விளிம்பின் நடுப்புள்ளி வரை. மூன்றாவது உணர்கொம்பின் முதல் நீண்ட கணு. அதன் அடியில் மூட்டாகச் செருகியிருக்கும் சிறு குமிழைச் சேர்க்கக் கூடாது. நான்காவது வெபர் நீளம் எனப்படும் நடுவுடல் நீளம். பக்கவாட்டில் வைத்து, கழுத்துக்குப் பின்னால் சரிவு தொடங்கும் இடத்திலிருந்து நடுவுடலின் பின்கீழ் மூலை வரை குறுக்காக அளப்பது. நீல் வெபர் என்னும் எறும்பியலாளரின் பெயரால் வழங்கும் இந்த அளவு, உடலின் மொத்தப் பருமனுக்கு மிக நல்ல பதிலி. ஐந்தாவது பின்னங்காலின் தொடை நீளம்.

ஃபெய்டோலே சிப்பாயை உருப்பெருக்கியின் கீழே வைத்தவுடன் தலை நீளத்தில் ஒரு தடுமாற்றம் வரும். அதன் தலையின் பின்புறம் நேர்கோடாக இருப்பதில்லை. நடுவில் ஆழமாகப் பள்ளம் விழுந்து, இருபுறமும் இரண்டு மேடுகளாகப் பிரிந்திருக்கும். தாடைத் தசைகள் அந்த மேடுகளுக்குள் நிறைந்திருப்பதால்தான் தலை அப்படிப் பிதுங்கியிருக்கிறது. பள்ளத்தின் அடி வரை அளந்தால் ஒரு நீளம் வரும், இரு மேடுகளின் உச்சியையும் தொட்டு ஒரு கோடு வரைந்து அதன் நடுப்புள்ளி வரை அளந்தால் அதைவிடக் கூடிய நீளம் வரும். சாதாரண வேலையாளிலோ பள்ளம் இல்லாததால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு முறையைச் சிப்பாய்க்கும் மற்றொன்றை வேலையாளுக்கும் கலந்து பயன்படுத்தினால், இல்லாத வடிவ வேறுபாட்டை நாமே உண்டாக்கிவிடுகிறோம். நான் உச்சிக்கோட்டு முறையை விரும்புகிறேன், ஏனெனில் தசை நிறைந்த பகுதியும் கணக்கில் சேர்கிறது. எதைத் தேர்ந்தாலும் அதை வரைந்து காட்டி எழுதிவைக்க வேண்டும்.

தலையின் சாய்வு

இந்த ஆய்வில் பிழை மிகுதியாக நுழையும் வாசல் இதுதான். எவ்வளவு விலை கொடுத்து நுண்ணோக்கி வாங்கினாலும், தலை சாய்ந்திருந்தால் அளவு குறைந்துதான் தெரியும். 10 பாகை சாய்ந்தால் நீளம் 1.5 விழுக்காடு குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 20 பாகையில் 6 விழுக்காடும், 30 பாகையில் 13 விழுக்காடும் குறைந்துவிடும். பெருந்தலைச் சிப்பாய் தன் தலையின் பாரத்தால் முன்னே கவிழ்ந்தும் சிறுவேலையாள் நேராகவும் கிடந்தால், இந்தப் பிழை ஒரே திசையில் விழுந்து, பிரிவுகளுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடுபோல் வேடமிடும்.

உலர்ந்த மாதிரிகளைப் பொருத்துவதற்குக் கெட்டியான வெள்ளை அட்டையில் சுமார் 8 மில்லிமீட்டர் நீளமுள்ள கூர்முக்கோணம் வெட்டி, அதன் அடியில் பூச்சி ஊசியைக் குத்தி, நுனியில் நீரில் கரையும் வெள்ளைப் பசையை ஒரு புள்ளி வைத்து, எறும்பின் நடுவுடலின் அடிப்பகுதியில் பின்னிரு கால் இணைகளுக்கு நடுவே ஒட்டவும். பசை முகத்திலோ பக்கவாட்டிலோ ஏறக் கூடாது. ஊசியின் தலையைக் கைப்பிடியளவு பிளாஸ்டிசின் உருண்டையில் செருகினால், எறும்பை எந்தப் பக்கமும் மெல்ல மெல்லத் திருப்பலாம்.

நேராக இருக்கிறதா என்று அறிய உருப்பெருக்கத்தை இயன்ற அளவு கூட்டிவிடவும். அந்நிலையில் குவியத்தின் ஆழம் மிகக் குறைவு. ஆகவே கிளிப்பியஸின் முன்விளிம்பும் தலையின் பின்விளிம்பும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் உள்ளன என்று பொருள். அதுபோல் இடக்கண்ணும் வலக்கண்ணும் ஒரே நேரத்தில் தெளிய வேண்டும். முதலாவது சோதனை முன்பின் சாய்வைக் காட்டும், இரண்டாவது பக்கச் சாய்வைக் காட்டும். இரண்டும் தேறிய பிறகே படம் எடுக்க வேண்டும். ஓர் எறும்புக்கு இதற்கே சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம்.

ஆல்கஹாலில் உள்ள எறும்பை உலர்த்தாமலே அளக்க விரும்பினால், நிறமற்ற கைத்தூய்மிக் கூழைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, அதில் எறும்பை அமிழ்த்தி ஊசியால் திருப்பி நிறுத்தலாம். கூழ் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். குமிழ்கள் இல்லாமல் மெதுவாக ஊற்றவும்.

அளவுகோலும் படமும்

கண்ணருகு வில்லையில் அளவுக்கோடுகள் பொருத்திய ஸ்டீரியோ நுண்ணோக்கி இருந்தால் அதுவே மேல். இல்லாதவர்கள் யுஎஸ்பி நுண்ணோக்கியையோ வில்லை பொருத்திய கைப்பேசியையோ பயன்படுத்தலாம். இணையக் கடைகளில் இரண்டும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கண்ணாடி அளவுத்தகடு ஒன்றை எப்படியாவது பெற வேண்டும். பிளாஸ்டிக் அளவுகோலின் கோடே சிறிய எறும்பின் உணர்கொம்பைவிடத் தடிமனாக இருக்கும்.

அளவுத்தகடு எறும்பின் தலை இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். வில்லையிலிருந்து 50 மில்லிமீட்டர் தொலைவில் மேசைமேல் தகடு கிடக்க, எறும்பின் தலை அதைவிட 5 மில்லிமீட்டர் வில்லைக்கு அருகில் இருந்தால், தலை ஏறத்தாழ 11 விழுக்காடு பெரிதாகத் தெரியும். யுஎஸ்பி நுண்ணோக்கியில் உருப்பெருக்க வளையம் லேசாகத் தொட்டாலே நகர்ந்துவிடும் என்பதால், ஒட்டுநாடாவால் கட்டிவிட்டு, ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் தகட்டைப் படமெடுக்கவும். எறும்பு படத்தின் நடுவில் இருக்கட்டும். மலிவான வில்லைகளில் ஓரம் வளைந்து தெரியும். கூழில் அமிழ்த்தி அளப்பவர்கள் தகட்டையும் அதே ஆழத்தில் கூழுக்குள் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும்.

படத்தில் அளப்பதற்கு இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருள் போதும். தகட்டின் படத்தில் தெரிந்த நீளத்துக்குக் கோடு இழுத்து, அது எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிட்டால், அதன்பின் இழுக்கும் கோடுகள் எல்லாம் மில்லிமீட்டரில் வரும்.

படங்களுக்கு வெறும் எண்களைப் பெயராக இட்டு, எந்தப் பிரிவு, எந்தக் குடியிருப்பு என்பது அளப்பவருக்குத் தெரியாதபடி கலைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம். பெரிது என்று முன்பே எண்ணிக்கொண்டவரின் கை, கோட்டைச் சிறிது நீட்டியே இழுக்கும்.

சுமார் இருபது எறும்புகளை, பிளாஸ்டிசினிலிருந்து எடுத்து மறுபடியும் நிறுத்தி, வேறொரு நாளில் புதிதாகப் படமெடுத்து அளக்கவும். அதே படத்தை இரண்டு முறை அளப்பது போதாது. பிழையின் பெரும்பகுதி நிறுத்துவதில் இருக்கிறது. இரு முறைக்கும் சராசரியாக 0.02 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தால், 1.20 மில்லிமீட்டர் அகலத் தலைக்கு அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு, 0.50 மில்லிமீட்டர் தலைக்கோ 4 விழுக்காடு. சிறியவற்றில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எண்கள் கிடைத்த பிறகு

முதலில், குலுக்கி எடுத்த எறும்புகளின் தலை அகலத்தை மட்டும் கொண்டு ஒரு நிகழ்வெண் வரைபடம் வரையவும். ஃபெய்டோலே அளவுள்ள எறும்புக்கு 0.05 மில்லிமீட்டர் இடைவெளி பொருந்தும். அளவீட்டுப் பிழையைவிடச் சிறிய இடைவெளி வைத்தால் பிழையே மேடு பள்ளமாகத் தெரியும். ஒரே மேடா, ஒரு பக்கம் நீண்ட வாலுள்ள மேடா, இரு மேடுகளா, நடுவே வெற்றிடமா என்று பார்க்கவும். பெருவேலையாள், சிறுவேலையாள் என்ற பெயரை இந்த வரைபடம் வந்த பின்னரே கொடுக்க வேண்டும். கண்ணால் பிரித்து இரு போத்தலில் போட்டுவிட்டு, பிறகு அளந்து இரு குழுக்கள் இருப்பதாக நிறுவுவது, விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதாகும்.

இந்த எளிய வரைபடத்தின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. கென்யாவில் மயோசீன் காலப் பாறையில் கிடைத்த கெரெங்கா பேரினத்தின் புதைபடிவங்களை, எட்வர்ட் வில்சனும் ராபர்ட் டெய்லரும் அளந்து 1964-இல் வெளியிட்டனர். ஒரே குடியிருப்பைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்த எறும்புகளிலும் வேலையாட்கள் இரு அளவுகளாகவே பிரிந்திருந்தனர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பிரிவு நிலைபெற்றிருந்தது என்பதை, கல்லில் பதிந்த உடல்களை அளந்தே அவர்களால் சொல்ல முடிந்தது.

அடுத்தது வடிவம். ஒவ்வோர் அளவுக்கும் மடக்கை எடுத்து, கிடை அச்சில் வெபர் நீளத்தையும் நெட்டச்சில் ஆராயும் உறுப்பையும் வைத்துப் புள்ளிகளை இடவும். இரண்டும் நீளங்கள் என்றால், சரிவு 1 ஆக இருக்கும்போது வடிவம் மாறவில்லை. 1-ஐவிடக் கூடினால் அந்த உறுப்பு உடலைவிட வேகமாகப் பெரிதாகிறது, குறைந்தால் பின்தங்குகிறது. எடையை நீளத்துக்கு எதிராக வைத்தால் ஒப்பிட வேண்டிய எண் 3. கணக்கின் போக்கைக் காட்ட மட்டும், கிடை அச்சில் வெபர் நீளத்துக்குப் பதில் தலை அகலத்தை வைத்து, மில்லிமீட்டரில் இரண்டு எண் இணைகளை எடுத்துக்கொள்வோம்: சிறியதன் தலை அகலம் 0.50, உணர்கொம்புக் கணு 0.55, பெரியதன் தலை அகலம் 1.20, கணு 0.70. தலை 2.4 மடங்கு கூடியபோது கணு 1.27 மடங்குதான் கூடியிருக்கிறது. மடக்கையில் வகுத்தால் சரிவு சுமார் 0.28. பெரியதன் உணர்கொம்பு, நீளத்தில் கூடியிருந்தும், தலைக்கு ஏற்ற அளவில் மிகக் குட்டையானது என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடுகிறது.

உண்மையான தரவில் பல புள்ளிகள் வழியாகக் கோடு வரைய வேண்டும். விரிதாளில் வழக்கமாகக் கிடைக்கும் பின்னடைவுக் கோடு, கிடை அச்சில் பிழையே இல்லை என்று எடுத்துக்கொள்வதால் சரிவைக் குறைத்துக் காட்டும். நமக்கோ இரு அச்சிலும் அளவீட்டுப் பிழை உண்டு. எனவே மடக்கை எடுத்த நெட்டச்சு எண்களின் திட்ட விலக்கத்தை, மடக்கை எடுத்த கிடையச்சு எண்களின் திட்ட விலக்கத்தால் வகுத்துச் சரிவைப் பெறவும். இது குறுக்கிய பெரு அச்சு முறை. சாதாரண விரிதாளிலேயே செய்யலாம். நம்பக வரம்பும் வேண்டுமென்றால் ஆர் என்னும் இலவச மென்பொருளில் எஸ்மேட்டர் என்ற தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனியே சரிவு கண்டு, பிறகு ஒப்பிடவும்.

புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுகின்றனவா என்பதைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். சில இனங்களில் ஒரே கோடு சிறியதிலிருந்து பெரியது வரை செல்லும். அங்கே பெரியதன் வித்தியாசமான தோற்றம் முழுவதும் அளவு கூடியதன் விளைவு. வேறு சிலவற்றில் கோடு நடுவில் முறிந்து சரிவு மாறும். இன்னும் சிலவற்றில் இரண்டு தனிக் கோடுகளாகப் பிரிந்து, நடுவே எறும்பே இராது. வில்சனின் படிநிலைகள் இவைதாம். முறிவு இருக்கும் இடத்தில் எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டால் இரண்டு உண்மைகளும் மறைந்துவிடும்.

தலை அகலத்தைத் தலை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கும் தலைக்குறியீட்டையும், உணர்கொம்புக் கணுவைத் தலை அகலத்தால் வகுத்து அதேபோல் நூறால் பெருக்கும் உணர்கொம்புக் குறியீட்டையும் இன விளக்கங்களில் காணலாம். இனங்களை அடையாளம் காண இவை பயன்படும். பிரிவுகளின் வடிவத்தை ஒப்பிட இவற்றை மட்டும் நம்பக் கூடாது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் உணர்கொம்புக் குறியீடு 110-லிருந்து 58-க்கு இறங்குகிறது. ஆனால் சிறியதும் பெரியதும் ஒரே கோட்டில் இருந்தாலும் குறியீடு இப்படித்தான் இறங்கும், வெவ்வேறு கோடுகளில் இருந்தாலும் இப்படித்தான் இறங்கக்கூடும். அதோடு, தலை அகலத்தால் வகுத்த குறியீட்டைத் தலை அகலத்துக்கே எதிராக வரைந்தால், ஒரே அளவு இரு அச்சிலும் நுழைந்து பொய்யான தொடர்பைக் காட்டும்.

தலையின் வளைவு, கண்ணின் இடம், தாடையின் கோணம் போன்றவற்றை ஆராய விரும்புவோர், முகப் படத்தில் குறிப்பிட்ட புள்ளிகளைக் குறித்து, அளவையும் திசையையும் நீக்கி ஒப்பிடும் முறைக்குச் செல்லலாம். டிபிஎஸ்டிக், மார்போஜே ஆகிய மென்பொருள்கள் இதற்காகவே உள்ளன. தலைச் சாய்வு இங்கே இன்னும் பெரிய கேடு விளைவிக்கும் என்பதால், முதல் ஐந்து அளவுகளில் கை தேறிய பிறகு தொடங்கவும்.

மாதிரிகளைக் காப்பது

அளந்த எறும்புகளைத் தூக்கி எறியக் கூடாது. இனப்பெயரில் பிற்பாடு ஐயம் எழுந்தால் அந்த உடல்தான் சான்று. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் உலர்ந்த மாதிரிகள் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா கூழ்மணிப் பைகளோடு வைக்கவும், மணிகளின் நிறம் மாறியதும் உலர்த்திப் போடவும். வீட்டுச் சிற்றெறும்புகளே ஊசியில் குத்திய மாதிரிகளைத் தின்றுவிடும் என்பதால், பசை காயும்வரை தட்டை, பலகார டின்னை வைப்பதுபோல் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தின் நடுவே வைப்பது நல்லது.

ஒவ்வோர் ஊசியிலும் இடமும் நாளும் எழுதிய சீட்டு ஒன்று, அளவீட்டு எண் எழுதிய சீட்டு ஒன்று என இரண்டு இருக்கட்டும். விரிதாளில் ஓர் எறும்புக்கு ஒரு வரி: அளவீட்டு எண், குடியிருப்பு எண், குலுக்கி எடுத்ததா பொறுக்கி எடுத்ததா, ஐந்து அளவுகள், படக்கோப்பின் பெயர், அளந்தவரின் சுருக்கெழுத்து, அளந்த நாள். மடக்கையும் குறியீடும் தனித் தாளில் இருக்கட்டும். மூல எண்கள் உள்ள தாளில் எதையும் அழித்து எழுத வேண்டாம்.